பர்மிய மொழியில் உயிரும் தொனியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பர்மிய மொழி படிக்க வரும் தமிழர்களுக்குச் சில காலமாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். மணிப்பூர் எல்லையில் இருக்கும் மோரே ஊர்க்காரர்கள், யாங்கோனுக்கு வேலைக்குப் போகிறவர்கள், பாட்டி பேசிய மொழியைத் தெரிந்துகொள்ள ஆசைப்படும் பேரப்பிள்ளைகள் என்று பலவிதம். ஆனால் எல்லோரும் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் ஒன்றுதான்: உயிரும் தொனியும் சேரும் இடம். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே தொகுத்திருக்கிறேன்.

பர்மியச் சொற்களைத் தமிழ் எழுத்தில்தான் தருகிறேன். தமிழ் எழுத்து தொனியைக் காட்டாது என்பதால் "தாழ் லா", "உயர் லா", "நெரி ல" என்று முன்னால் சொல்லிவிடுகிறேன். தொண்டையை அடைத்து முடியும் அசைக்குப் பின்னால் ஒரு கீற்று போட்டிருப்பேன்: தி'.

தொனி மொழின்னா பாட்டுப் பாடுற மாதிரி ஏத்தி இறக்கிப் பேசணுமா?

வேண்டாம். ஒரே மெய், ஒரே உயிர் சேர்ந்த அசையை எப்படிச் சொல்கிறோம் என்பதை வைத்துப் பொருள் மாறும், அவ்வளவுதான். "ஸா" என்ற அசையை எடுத்துக்கொள்ளுங்கள். தாழ் ஸா என்றால் எழுத்து, கடிதம். உயர் ஸா என்றால் சாப்பிடு. நெரி ஸ என்றால் தொடங்கு. "லா"வும் அப்படித்தான். தாழ் லா வா, வருதல். நெரி ல நிலா, மாதம். உயர் லா ஒரு கேள்வி விகுதி, நம்முடைய "வந்தாயா"வில் இருக்கும் ஆ போல.

"தொனி" என்றதும் நாம் சுருதியை மட்டும் நினைத்துக்கொள்கிறோம். பர்மியத்தில் சுருதி அதில் ஒரு பங்குதான். தாழ்தொனியில் குரல் தாழ்ந்து, இயல்பாக, சமமாகப் போகும். உயர்தொனியில் குரல் உயர்ந்து, சற்று நீண்டு, கடைசியில் இறங்கும். பலரிடம் மூச்சும் கலந்து வரும். நெரிதொனியில் குரல்வளை இறுகி, கரகரவென்று, சட்டென முடிந்துவிடும். நான்காவது அடைபட்ட தொனி. அது இன்னும் குறுகியது, முடிவில் தொண்டை முழுதாக மூடிக்கொள்ளும். வாயைத் திறக்காமல் "ஊ-ஊம்" என்று மறுப்போமே, அதன் நடுவே ஒரு கணம் தொண்டை மூடுகிறதல்லவா, அந்த அடைப்புதான்.

அப்போ இது நம்ம குறில் நெடில்தானே? எதுக்கு இவ்வளவு பெரிய பேரு?

பாதி சரி. இந்தச் சந்தேகம் தமிழர்களுக்கு வருவது இயற்கை, ஏனென்றால் பர்மிய எழுத்தும் நம் எழுத்தைப் போலவே பிராமியின் வழி வந்தது. இந்திய எழுத்துகளில் குறிலுக்கு ஒரு குறி, நெடிலுக்கு ஒரு குறி. பர்மியர்கள் அந்த ஜோடியை எடுத்து, அ, இ, உ மூன்றிலும் குறில் குறியை நெரிதொனிக்கும் நெடில் குறியைத் தாழ்தொனிக்கும் வைத்துக்கொண்டார்கள். உயர்தொனிக்கு நெடில் குறியோடு பக்கத்தில் இரண்டு புள்ளி. அது வடமொழி விசர்க்கத்தின் வடிவம். ஆக, இரவல் வாங்கிய எழுத்தில் உயிரின் அளவைக் காட்டிய குறியே இங்கே தொனியைக் காட்டுகிறது.

நெரிதொனி உயிர் உண்மையிலேயே குறுகியதுதான். ஆனால் குறிலாகச் சொன்னால் மட்டும் போதாது. தொண்டை இறுக வேண்டும். தமிழர்கள் "ல" என்று தளர்வாகச் சொல்லும்போது, அவசரத்தில் அரைகுறையாகச் சொன்ன தாழ் லாவாக அது கேட்கும் வாய்ப்பு அதிகம்.

பர்மியத்துல மொத்தம் எத்தனை உயிர்?

எந்த அசையில் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. மெய் எதுவும் இல்லாமல் முடியும் திறந்த அசையில் ஏழு: ஆ, ஈ, ஊ, ஏ, ஓ, இவற்றோடு அகன்ற ஏ ஒன்று, அகன்ற ஓ ஒன்று. அகன்ற ஏ நமக்குப் புதிதில்லை. பேச்சில் "மலை", "கடை" என்னும்போது கடைசியில் வாயை அகட்டி ஓர் எ வருகிறதே, அதுதான். பர்மிய எழுத்திலும் அதற்கு இருப்பது ஐகாரக் குறியே. அகன்ற ஓ, "காலேஜ்" என்று சொல்லும்போது முதல் அசையில் வருவது.

மூக்கொலியில் முடியும் அசையிலும், தொண்டை அடைத்து முடியும் அசையிலும் பட்டியல் வேறு. அங்கே தனி ஏயும் தனி ஓவும் கிடையாது. எஇ, ஒஉ, அய், அவ் என்ற ஈருயிர்கள் அந்த இடத்துக்கு வந்துவிடும். மூக்கொலி அசையில் ஏழு வகை, அடைபட்ட அசையில் எட்டு வகை.

தொனி மாறினா உயிரோட ஒலியும் மாறுமா, மாறாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஒரே வார்த்தையில் முடியாது. தாழ், உயர், நெரி மூன்றுக்குள்ளே மாறினால் உயிர் அதேதான். தாழ் மே என்பது அம்மாவைக் கூப்பிடும் மேமேயில் வருவது. உயர் மே என்றால் கேள், வினவு. நெரி மே என்றால் மறந்துபோ. மூன்றிலும் ஏ ஏதான். நீளமும் இறுக்கமும் மாறும், ஆனால் வேறோர் உயிர் என்று எந்தப் பர்மியரும் சொல்ல மாட்டார்.

அடைபட்ட தொனிக்குப் போனால் கதை வேறு. முந்தைய பதிலில் சொன்னபடி, அங்கே உயிர்ப் பட்டியலே வேறு. ஈ, ஊ இரண்டும் தளர்ந்து நடுவாய்ப் பக்கம் சாயும். தனி ஏக்கு வழியே இல்லை. "ஏழு உயிர், நான்கு தொனி, பெருக்கினால் 28" என்று கணக்குப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். சரியான கணக்கு இது: திறந்த அசை ஏழுக்கு மூன்று தொனி, 21. மூக்கொலி அசை ஏழுக்கு மூன்று தொனி, இன்னொரு 21. அடைபட்ட அசை எட்டு. மொத்தம் 50.

என்னைக் கேட்டால், உயிரைத் தனியாகவும் தொனியைத் தனியாகவும் படிக்கவே கூடாது. இந்த ஐம்பதையும் ஐம்பது முழு ஒலிகளாகப் பிடித்துக்கொள்வதுதான் வழி. உயிர், நீளம், குரலின் தன்மை, சுருதி எல்லாம் ஒன்றாகத்தான் வருகின்றன. பிரித்துப் படித்தால் பிறகு பேசும்போது சேர்க்க முடிவதில்லை.

எழுத்துல "மங்கலா"ன்னு இருக்கு. வாயில "மிங்கலாபா"ன்னு வருது. அ எப்படி இ ஆச்சு?

மங்கலம் என்ற அதே சொல்தான், பாளி வழியாகப் போனது. கடைசியில் வரும் பா பணிவு காட்டும் விகுதி. எழுத்தில் "மங்" என்று ஙகர ஒற்றில் முடிகிற அசை, பேச்சில் "மின்" என்று ஆகிவிடும். நகர, மகர ஒற்றில் முடிந்திருந்தால் அ அப்படியே "அன்" ஆக நின்றிருக்கும்.

அடைபட்ட அசையில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். எழுத்தில் க், ச், த், ப் என நான்கு விதமான ஒற்று. வாயில் நான்கும் ஒரே தொண்டை அடைப்பு. ஆனால் முன்னால் இருக்கும் உயிர் மாறிவிடுகிறது. "லக்" என்று எழுதி அகன்ற எகரத்தோடு லெ' என்பார்கள் (கை). "தச்" என்று எழுதி தி' என்பார்கள் (ஒன்று). த், ப் வந்தால் அ அப்படியே நிற்கும். இ, உ இரண்டும் த், ப் முன்னால் எஇ', ஒஉ' ஆகும். வீட்டுக்கு எழுத்தில் "இம்", வாயில் எஇன். யாங்கோன் நகரின் பின்பாதி எழுத்தில் "குன்", வாயில் கொஉன். பழைய ஒற்று வாயிலிருந்து மறைந்துவிட்டது, ஆனால் எந்த ஒற்று இருந்தது என்ற தடயம் உயிரில் தங்கியிருக்கிறது.

இதெல்லாம் எப்போலேர்ந்து இப்படி? ஆதியிலேயே தொனி இருந்ததா?

பழைய பர்மியத்துக்குப் பெரிய சான்று பகான் அருகே மியின்கபாவில் கிடைத்த மியசேதிக் கல்வெட்டு. 1113ஐ ஒட்டி, ராஜகுமாரன் என்ற இளவரசன் வெட்டுவித்தது. ஒரே செய்தி பாளி, மோன், பியூ, பர்மியம் என நான்கு மொழியில், கல்லின் நான்கு பக்கத்தில். அந்தக் காலத்துப் பர்மிய எழுத்தில் தொனிக்குறிகள் இன்றுபோல் சீராக இல்லை. அசை முடிவில் க், ச், த், ப் ஒலிகள் அப்போது உண்மையாகவே ஒலித்தன. அவை தேய்ந்து அடைப்பாகக் குறுகியதில்தான் இன்றைய அடைபட்ட தொனி பிறந்தது.

நெரிதொனிக்கும் உயர்தொனிக்கும் கூட இப்படி அசை முடிவில் பூர்வகதை உண்டு என்று மொழியியலாளர்கள் கருதுகிறார்கள். நெரிதொனி தொண்டை இறுக்கத்தில் முடிந்த அசையிலிருந்து, உயர்தொனி மூச்சொலியில் முடிந்த அசையிலிருந்து. உயர்தொனிக்கு விசர்க்கத்தின் இரண்டு புள்ளியைத் தேர்ந்தெடுத்தது இதோடு அழகாகப் பொருந்துகிறது, விசர்க்கமே மூச்சொலிக்கான குறிதானே.

சில உயிருக்குக் குறி எதுவும் போடாமலே உயர்தொனி வருது, சிலதுக்குத் தாழ்தொனி வருது. இதுல ஏதாவது விதி இருக்கா?

உயிருக்கு உயிர் வேறுபடும், மனப்பாடம்தான். அ, இ, உ பற்றி மேலே சொல்லியாயிற்று. ஏகாரக் குறி சும்மா நின்றால் தாழ்தொனி. கீழே ஒரு புள்ளி வைத்தால் நெரி, பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்தால் உயர். ஓகாரமும் அப்படியே. அகன்ற ஏக்கும் அகன்ற ஓக்கும் தலைகீழ்: சும்மா நின்றால் உயர்தொனி. அகன்ற ஓவைத் தாழ்த்த மேலே ஒரு கீற்று போட வேண்டும். அகன்ற ஏவைத் தாழ்த்த அந்தக் குறியையே விட்டுவிட்டு, யகர ஒற்றோடு "அய்" என்று எழுத வேண்டும்.

புலம்பாதீர்கள். அகன்ற ஓவுக்கு மெய்யின் இடப்பக்கம் ஒரு குறி, வலப்பக்கம் ஒரு கால். "கொ" எழுதிப் பழகிய கைக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை.

அத்தோன்னு சென்னையில விக்கிறாங்களே, அது பர்மியச் சொல்லா?

ஆமாம். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் பாரிமுனைப் பக்கம் கொண்டுவந்து சேர்த்த பண்டம். பர்மியத்தில் அ-தொஉ', கையால் பிசைந்து கலக்கும் பதார்த்தங்களுக்குப் பொதுப்பெயர். எழுத்தில் பார்த்தால் "அசுப்". ஸகரம் நாக்கைப் பல்லில் வைத்து ஊதும் ஒலியாக மாறிவிட்டது. உப் என்பது ஒஉ' ஆனது, மேலே சொன்ன விதிதான். தமிழ் வாய்க்கு வந்தபோது ஊதல் "த்த" ஆகி, ஈருயிர் ஓகாரமாகி, தொண்டை அடைப்பு உதிர்ந்துபோயிற்று.

பேசும்போது பாதி உயிர் காணாமப் போயிடுதே, அதுக்குத் தொனி என்ன?

அதற்குத் தொனியே கிடையாது. பர்மியச் சொல்லில் முன்னால் நிற்கும் அசை பல நேரம் தளர்ந்து, தெளிவில்லாத ஒரு குட்டி அகரமாகிவிடும். அப்படி ஆனதும் உயிரின் தனித்தன்மையும் போய்விடும், தொனியும் போய்விடும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட முடியாது. உயிரும் தொனியும் எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

மீனுக்கு உயர் ஙா. (நம் அரிச்சுவடியில் சும்மா உட்கார்ந்திருக்கும் ங வரிசைக்கு இங்கே நிறைய வேலை.) அதிலிருந்து செய்யும் மீன்விழுதுக்கு ஙபி, ஙா வெறும் ங ஆகிவிட்டது. தேயிலை எழுத்தில் லெ'பெ', வாயில் லபெ'. முகத்தில் பூசும் தனக்கா எழுத்தில் மூன்று அசையும் முழு அசை. நடுவில் ஒரு ந' கூட இருக்கிறது, பேச்சில் அந்த அடைப்பு கரைந்துவிடும். ஷ்வேடகோன் கோயில் பெயரில் எழுத்துப்படி நடுவில் "தி", வாயில் "ட". பகானின் முதல் எழுத்து "பு". இப்படித் தளர்ந்த அசை சொல்லின் கடைசியில் மட்டும் வராது. அதற்குப் பின்னால் ஒரு முழு அசை இருந்தே ஆக வேண்டும்.

எண்ணும்போதும் கவனியுங்கள். ஒன்று தி', இரண்டு ஹ்னி'. ஆளை எண்ணினால் த-யவ்', ஹ்ன-யவ்'. மூன்று தளராது.

"நான்"னு சொல்றதுல ஒரு தொனி, "என்"னு சொல்றதுல இன்னொரு தொனி. எனக்குத்தான் அப்படிக் கேக்குதா?

காது சரியாகவே இருக்கிறது. நெருக்கமானவர்களிடம் சொல்லும் "நான்" தாழ் ஙா. "என்" என்றால் நெரி ங. அவன் அல்லது அவள், தாழ் தூ. அவனுடைய, நெரி து. தாழ்தொனியில் முடியும் பெயரோ பிரதிப்பெயரோ உடைமைப் பொருளில் வந்தால் நெரிதொனிக்குத் தாவும். வேற்றுமை உருபே தொனிதான் என்று வைத்துக்கொள்ளலாம். பெண்கள் பணிவாகச் சொல்லும் "நான்", ச்சம, ஏற்கெனவே நெரிதொனியில் இருப்பதால் அதில் மாற்றம் தெரியாது. ஆண்கள் சொல்லும் ச்சனோவில் தெரியும்.

எண்களிலும் இதே தாவல் உண்டு. பத்து தாழ் ஸே (அகன்ற ஏ). பதினொன்றில் அது நெரி ஸே ஆகி, பிறகு தி' வரும். நூறும் அப்படியே. இங்கெல்லாம் உயிர் மாறுவதில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்காவது கேள்விக்குச் சொன்ன பதில்தான்.

கேள்வி கேக்கும்போது கடைசியில குரலை ஏத்தலாமா?

அந்த வேலைக்கு விகுதி இருக்கிறது. ஆமாம், இல்லை என்ற பதில் வரும் கேள்விக்கு உயர் லா. என்ன, எங்கே, எவ்வளவு என்ற கேள்விக்கு அகன்ற ஏயோடு உயர் லே. "எவ்வளவு?" என்பது பேலவ்' லே: தாழ், அடைபட்டது, உயர் என்று மூன்றும் வரிசையாக வரும், கடையில் தினமும் சொல்லிப் பழக நல்ல சொற்றொடர். உயர்தொனியே கடைசியில் இறங்கும் தொனி என்பதால், தமிழில் ஏற்றுவதுபோல் இழுத்துக்கொண்டே மேலே போக வேண்டாம்.

இன்னொன்று: லாமலா, "வருவாயா?" முதல் லா தாழ், ம தளர்ந்த அசை, கடைசி லா உயர். எதிர்காலத்தைக் காட்டும் தாழ் மே (அகன்ற ஏ) தான் நடுவில் ம ஆகிவிட்டது.

இ, உ சொன்னா இயல்பாவே சுருதி கூடும்னு படிச்சேன். அப்போ தொனி குழம்பாதா?

படித்தது உண்மை. ஆகாரத்தைவிட ஈகார, ஊகாரங்கள் கொஞ்சம் உயர்ந்த சுருதியில் ஒலிப்பது உலகின் பல மொழிகளில் அளந்து பார்த்த விஷயம். நாக்கு மேலே எழும்போது குரல்வளையையும் சேர்த்து இழுக்கிறது என்பது வழக்கமாகச் சொல்லும் விளக்கம். ஆனால் அந்த வித்தியாசம் சிறியது. பர்மியக் காது சுருதியை மட்டும் பார்த்தால் அல்லவா குழப்பம்? நீளம், இறுக்கம், அடைப்பு எல்லாம் கூடவே இருக்கின்றன. கிசுகிசுக்கும்போது சுருதியே இல்லை, அப்போதும் நீளமும் அடைப்பும் மிஞ்சுகின்றன.

தொனி மூணுங்கறார் ஒருத்தர், நாலுங்கறார் ஒருத்தர். எது சரி?

எதை எண்ணுகிறோம் என்பதில் இருக்கிறது. அடைபட்ட அசையில் வேறு தொனி வரவே வராது என்பதால், அதைத் தொனியாக எண்ணாமல் ஒற்றில் முடியும் அசை என்று மட்டும் சொன்னால் மூன்று. அதையும் எண்ணினால் நான்கு. தளர்ந்த அசையின் தொனியின்மையையும் ஒரு வகையாகச் சேர்த்து ஐந்து என்பவரும் உண்டு. எனக்கு மூன்று என்ற கணக்கே பிடிக்கும், ஆனால் மாணவர்களிடம் நான்கு என்றுதான் சொல்கிறேன். பாடப்புத்தகத்தோடு சண்டை போட்டு அவர்களுக்கு என்ன லாபம்?

சீனம், திபெத்தியம் எல்லாம் இதே குடும்பம்தானே? அங்கேயும் உயிரும் தொனியும் இப்படித்தானா?

குடும்பம் ஒன்று, வீட்டுக்கு வீடு பழக்கம் வேறு. லாசா திபெத்தியத்தில் உயர், தாழ் பிரிவு பெரும்பாலும் அசையின் முதல் மெய்யிலிருந்து வந்தது: பழைய வல்லொலிக்கு உயர்ந்தது, அதிர்வொலிக்குத் தாழ்ந்தது. ஆனால் அசை முடிவு மெய் தேய்ந்து உயிரை மாற்றியது அங்கேயும் நடந்திருக்கிறது. திபெத்துக்கு எழுத்தில் "போத்". லாசா பேச்சில் தகரம் போய், ஓகாரம் உதடு குவித்துச் சொல்லும் ஏகாரமாகிவிட்டது. எழுத்தில் "மங்", வாயில் "மின்" என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தொனியே நேராக உயிரை மாற்றும் வழக்கைப் பார்க்க வேண்டுமென்றால் சீனாவின் ஃபூஜியான் மாகாணத்துக்குப் போக வேண்டும். ஃபூசோ நகரப் பேச்சில் சில தொனிகளில் இ என்பது எஇ ஆகவும், உ என்பது ஒஉ ஆகவும் அகன்றுவிடும். அந்தச் சொல்லே கூட்டுச்சொல்லின் முன்பாதியாக வந்து தொனி மாறினால், உயிர் மறுபடி சுருங்கி இ, உ ஆகிவிடும். பர்மியத்தில் நெரிதொனிக்குத் தாவும்போது உயிர் அசையாமல் நிற்கிறது என்றேன் அல்லவா, ஃபூசோவில் அது நிற்காது.

தொனி தப்பாச் சொன்னா புரியாதா? எதை முதல்ல பழகறது?

இடம் பார்த்துப் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். டீக்கடையில் தாழ் யே (தண்ணீர்) என்பதற்குப் பதில் உயர் யே (எழுது) என்றாலும் தண்ணீர்தான் வரும். எண், விலை, பெயர் ஆகியவற்றில் அந்தச் சலுகை கிடைக்காது.

நான் சொல்லும் வரிசை இது. முதலில் அடைபட்ட எட்டு அசைகள், அங்கே உயிரும் சேர்ந்து தப்பும் என்பதால். அப்புறம் நெரிதொனி. தாழ், உயர் வித்தியாசம் கேட்டுக் கேட்டுத் தானாக வரும். தளர்ந்த அசையை முழு உயிராக அழுத்திச் சொல்லும் பழக்கத்தை மட்டும் ஆரம்பத்திலேயே விட்டுவிடுங்கள். தமிழர்களிடம் அதுதான் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழக ஒரு வாக்கியம்: "தமின் ஸா ப்யீ பீ லா?" சாப்பிட்டாச்சா என்று பொருள், பர்மாவிலும் அது விசாரிப்புதான். "த" தளர்ந்தது, தொனி இல்லை. மின், ஸா, ப்யீ மூன்றும் உயர். பீ தாழ். லா உயர்.